காஞ்சியில் ஒரு கண்

பட்டுப் புடவைக் கடைக்குள் போனால் தொலைந்து போகக் கூடியவை பல. பணம் தொலையும், பொழுது தொலையும், கூட வந்த குழந்தை தொலைந்து, இரண்டாவது மாடியில் கண்ணாடி முன் நின்று அழகு பார்த்துக்கொண்டிருக்கும். என் அத்தை தொலைத்தது ஒரு திருகாணியை.

அத்தையின் பேத்திக்குக் கல்யாணம். புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போவதென்று தீர்மானமாயிற்று. "நீ பத்திரிகைக்காரன், உன்னை யாரும் ஏமாற்ற முடியாது" என்று சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். (பத்திரிகைக்காரர்களை ஏமாற்ற முடியாது என்ற நம்பிக்கை அத்தையின் தலைமுறையோடு போய்விடும் என்று நினைக்கிறேன்.) காலையில் ஏகாம்பரேசுவரர் தரிசனம், காமாட்சி அம்மன் தரிசனம், பிறகு காந்தி ரோடு.

கடைக்காரர் சொல்வதை அத்தை நம்புகிறவள் அல்ல. புடவையைத் திருப்பிப் போட்டு, கரையும் உடலும் சேருகிற இடத்தில் ரம்பப் பல் மாதிரி ஓடும் கோர்வையைப் பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. இருபதாவது புடவையோ, இருபத்தைந்தாவதோ, அதைத் திருப்பி மூக்கருகே கொண்டுபோகும்போது மூக்குக் கண்ணாடியின் ஒரு காம்பு கழன்று மடியில் விழுந்தது. காம்பு கிடைத்தது, திருகாணி கிடைக்கவில்லை. மூன்று சிப்பந்திகள் விரித்த புடவைகளையெல்லாம் உதறிப் பார்த்தார்கள். கடுகில் பாதி அளவுள்ள ஒரு சாமான் ஆயிரம் ஜரிகைப் பூக்களுக்கு நடுவே போனால் எங்கே தேடுவது?

"கண்ணாடி இல்லாமல் கல்யாணப் புடவை எடுக்க மாட்டேன்" என்று அத்தை எழுந்துவிட்டாள். கடைப் பையன் ஒருவன் வழிகாட்ட, பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போனோம்.

எட்டடி அகலம் இருக்கும் அந்தக் கடை. ஒரு பக்கம் பாத்திரக் கடை, மறு பக்கம் டீக் கடை. உள்ளே சுவரில் ஏகாம்பரேசுவரர் படம். அதற்கு எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகைகள் இரண்டு. ஒன்றில் தமிழ் எழுத்துக்கள். மற்றொன்றில் எழுத்தறியாதவர்களுக்காக ஆங்கில 'ஈ' மேலும் கீழும் இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டு நின்றது. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கலாம். கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். ஒரு மாத்திரை டப்பாவைத் திறந்து, குண்டூசி முனை போன்ற திருகாணியை எடுத்தார். இரண்டு நிமிஷம். காம்பு நின்றுவிட்டது. கண்ணாடியைத் துடைத்து, சுடுநீரில் அந்தக் காம்பைக் கொஞ்சம் வளைத்து, அத்தையின் காதில் மாட்டிப் பார்த்து, "இப்ப வழுக்காது பாருங்கம்மா" என்றார்.

"எவ்வளவு?"

"திருகாணிக்குக் காசு வாங்கறதில்லைம்மா."

இலவசமாகக் கிடைப்பதில் ஏதோ சூது இருக்கும் என்பது அத்தையின் அபிப்பிராயம். "ஏன் வாங்கறதில்லை?" என்று அதட்டினாள்.

"இன்னிக்குத் திருகாணிக்கு வந்தவங்க மூணு வருஷம் கழிச்சுக் கண்ணாடிக்கு வருவாங்க. நீங்க வெளியூர், வர மாட்டீங்க. ஆனா இங்கே யார்கிட்டேயாவது சொல்லிட்டுப் போவீங்க இல்லே?"

அத்தை சிரித்துவிட்டுப் புடவைக் கடைக்குத் திரும்பினாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த இருபத்தைந்து புடவைகளிலிருந்து தப்பித்தேன் என்பது ஒரு காரணம். திருகாணியைச் சும்மா கொடுத்துவிட்டு ஒரு மனிதர் எப்படிக் கடை நடத்துகிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை பிறந்தது மற்றொரு காரணம்.

இருபத்திரண்டு அங்குலம்

விசாரணையை நான் ஆரம்பிப்பதற்குள் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தம்பதி. அந்த அம்மாளுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். கையில் ஒரு மூக்குக் கண்ணாடி. அதைக் கடைக்காரரின் மேஜைமேல் வைத்த விதத்திலேயே அதன்மேல் உள்ள கோபம் தெரிந்தது.

"அண்ணே, இதைப் போட்டா பஞ்சாங்கம் நல்லாத் தெரியுது. தறியிலே உக்காந்தா ஒண்ணும் தெரியலே. ஆறு மாசமாத் தலைவலி. முதுகு வேற விட்டுப் போவுது."

நடைபாதையில் 150 ரூபாய்க்கு வாங்கின கண்ணாடி அது. கடைக்காரர் அதை ஒரு கருவியில் வைத்துப் பார்த்தார். "இரண்டரைப் பவர்" என்றார். பிறகு அவர் செய்த காரியத்தை நான் எந்தக் கண்ணாடிக் கடையிலும் பார்த்ததில்லை. தையற்காரர் வைத்திருப்பது போன்ற அங்குல நாடா ஒன்றை மேஜை அறையிலிருந்து எடுத்தார். ஓரமாகக் கிடந்த ஒரு தாழ்ந்த பலகையைக் காட்டி, "தறிக் குழியிலே கால் விட்டு உக்காந்திருக்கிற மாதிரி உக்காருங்கம்மா. நாடாவைப் போடறபோது கண்ணு எங்கே இருக்கும், கோர்வை எங்கே இருக்கும்?" என்று கேட்டார். அந்த அம்மாள் உட்கார்ந்து, இல்லாத தறியின்மேல் கையை நீட்டினாள். அளந்தார். இருபத்திரண்டு அங்குலம், அதாவது சுமார் 56 சென்டிமீட்டர்.

"கோளாறு எங்கேன்னு தெரிஞ்சுதா, சார்?" என்று என் பக்கம் திரும்பினார்.

தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டேன். ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். நேயர்களுக்கும் உபயோகப்படும் என்பதால் அதை இங்கே தருகிறேன். தூரப் பார்வை சரியாக இருந்து, கிட்டப் பார்ப்பதற்கு மட்டும் கண்ணாடி போடுகிறவர்கள், நூறைக் கண்ணாடியின் பவரால் வகுக்க வேண்டும். வருகிற விடை எத்தனை சென்டிமீட்டரோ, அதற்கு அப்பால் உள்ளது அந்தக் கண்ணாடி வழியாகத் தெளிவாகத் தெரியாது. இரண்டரைப் பவர் என்றால் 40 சென்டிமீட்டர். இரண்டு பவர் என்றால் 50. ஒன்றரைக்கு 66 சொச்சம். ஒன்றேகாலுக்கு 80.

பஞ்சாங்கத்தை நாம் 40 சென்டிமீட்டரில் பிடித்துப் படிக்கிறோம். அதனால் அது தெரிந்தது. தறியோ 56 சென்டிமீட்டரில் இருக்கிறது. கண்ணாடி எட்டாத இடத்துக்குக் கண்ணை எட்ட வைக்க, அந்த அம்மாள் ஆறு மாதமாகக் குனிந்துகொண்டே நெய்திருக்கிறாள். முதுகு வலிக்கு வேறென்ன காரணம் வேண்டும்?

கடைக்காரர் கம்ப்யூட்டர் கருவியிலும் கண்ணைப் பார்த்தார். ஆனால் அதிலிருந்து வந்த சீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. "இது வழி காட்டும். வீட்டுக் கதவைத் தட்டறது நாமதான்" என்றார். வட்ட வளையங்கள் உள்ள பரிசோதனைக் கண்ணாடியை மூக்கில் மாட்டி, வில்லைகளை ஒன்று ஒன்றாகப் போட்டு எடுத்து, ஒரு பட்டு நூலை 56 சென்டிமீட்டரில் தூக்கிப் பிடித்துப் பிடித்துக் கேட்டார். நடுவே, "சர்க்கரை உண்டா?" என்றும் விசாரித்தார். சர்க்கரை ஏறி இறங்கினால் பவரும் ஏறி இறங்கும். இன்று கொடுத்த கண்ணாடி அடுத்த மாதம் உதவாது. "இல்லே" என்று பதில் வந்ததும், "கடைசியா எப்ப டாக்டர்கிட்டே கண்ணைக் காட்டினீங்க?" என்றார். காட்டினதே இல்லை. "நாற்பதுக்கு மேலே கண்ணுக்குள்ளே அழுத்தம் இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்கணும். அதை நான் பார்க்க முடியாது, ஆஸ்பத்திரியிலேதான் பார்ப்பாங்க" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

முடிவாகத் தேறியது ஒன்றேகால் பவர். அதைப் பரிசோதனைக் கண்ணாடியிலேயே பொருத்தி, ஒரு டப்பாவில் வைத்து அந்த அம்மாளிடம் நீட்டினார். "வீட்டுக்குப் போய்த் தறியிலே உக்காந்து இதைப் போட்டுப் பாருங்க. சரியாத் தெரிஞ்சா வந்து சொல்லுங்க. அப்புறம் கண்ணாடி செய்யலாம். வண்டியிலே போறப்போ போட்டுக்காதீங்க!"

மொபெட் கிளம்பிப் போயிற்று. எனக்குத் திக்கென்றது. பரிசோதனைக் கண்ணாடி விலை உயர்ந்த சாமான் அல்லவா? "ஈடு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லையே?" என்றேன்.

அவர் மேஜைமேல் கிடந்த 150 ரூபாய்க் கண்ணாடியைக் காட்டிச் சிரித்தார்.

நாலு கட்டம் போட்ட நோட்டு

வெள்ளெழுத்து என்று தமிழில் எவ்வளவு அழகான பெயர் வைத்திருக்கிறார்கள்! எழுத்து வெளுத்துப் போகிறதாம். காஞ்சிபுரத்து நெசவாளர் வீடுகளில் தெலுங்கு பேசுகிறவர்களும் நிறைய உண்டு. தெலுங்கில் இதற்கு 'சத்வாரம்' என்று பெயர்; நாற்பது என்ற சொல்லிலிருந்து வந்தது. கன்னடத்தில் மூக்குக் கண்ணாடிக்கே 'சாளீசு' என்று பெயர்; அதுவும் நாற்பதுதான். எந்தப் பாஷைக்காரனையும் நாற்பது வயது விட்டுவைப்பதில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் வெளியிட்ட அறிக்கையில், உலகில் வெள்ளெழுத்து உள்ளவர்கள் 180 கோடி என்றும், அவர்களில் 82 கோடிப் பேருக்கு மேல் அதற்கு வேண்டிய கண்ணாடி இல்லாமல் இருக்கிறார்கள் என்றும் கணக்கிட்டிருந்தது.

இத்தனை கோடிப் பேர் காத்திருக்கும்போது கண்ணாடிக் கடைக்காரர்கள் எல்லோரும் மாளிகை கட்டியிருக்க வேண்டாமா? இந்தக் கேள்வியைக் கடைக்காரரிடமே போட்டேன். அவர் பதில் பேசாமல் ஒரு நீள நோட்டைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் நாலு கட்டம். வந்தவர், பரிசோதனை செய்துகொண்டவர், வாங்கினவர், திரும்பி வந்தவர். அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து இந்த வழக்கம்.

"முதல் கட்டம் பெரிசா இருந்தா சந்தோஷம். மூணாம் கட்டம் பெரிசா இருந்தா லாபம். நாலாம் கட்டம் பெரிசா இருந்தாத்தான் அடுத்த வருஷம் கடை இருக்கும்" என்றார்.

தகப்பனார் காலத்தில் வில்லைகள் கனமான கண்ணாடி. சாணைக் கல்லில் கையால் தேய்த்து ஃபிரேமுக்குப் பொருத்த வேண்டும். ஒரு நாளைக்கு ஏழெட்டு முடித்தால் பெரிசு. கூலியும் ஃபிரேமும்தான் வரும்படி. பிறகு பிளாஸ்டிக் வில்லை வந்தது, இலேசு, உடையாது. சாணைக் கல் போய் யந்திரம் வந்தது. இப்போது ஃபிரேமில் போட்டி போட்டு விலையை இறக்கிவிட்டார்கள். லாபம் வில்லைக்கு இடம் மாறிவிட்டது: கூச்சத்தைக் குறைக்கும் பூச்சு, கீறல் விழாத பூச்சு, கோடு தெரியாமல் பல பவர்களை ஒன்றாக்கிய 'ப்ரோக்ரெஸிவ்' வில்லை. பாரிஸில் 1959-ல் வாரிலக்ஸ் என்ற பெயரில் வந்த இந்த வில்லையை ஒருவருக்கு விற்றால், சாதா வில்லை பலருக்கு விற்பதற்குச் சமம். ஆகவே எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் அதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள்.

அத்தைக்கும் சென்னையில் ஒரு கடையில் அதைத் தலையில் கட்டினார்கள், அதாவது மூக்கில் கட்டினார்கள். பெரிய விலை. போட்டுக்கொண்டு கோயில் படிக்கட்டில் இறங்கியவள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த வில்லையின் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. படியில் இறங்கும்போது கண் தாழ்ந்து அதன் வழியாகத்தான் பார்க்கும், படி மங்கிவிடும். பழக்கப்பட்டுவிட்டால் தலையைச் சாய்த்துச் சமாளிக்கலாம். படி ஏறி இறங்க வேண்டிய வயதானவர்கள் தூரப் பார்வைக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி வைத்துக்கொள்வது நல்லது. இதை விற்றவர்கள் சொல்லியிருந்தால் அத்தை அன்று அரை மணி நேரம் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இன்னொரு பூச்சு, நீல வெளிச்சத்தைத் தடுப்பது. செல்போன் பார்க்கும் குழந்தைகளுக்கு அவசியம் என்று சொல்லித் தாய்மார்களிடம் விற்கிறார்கள். வைத்திய ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பரிசீலிக்கும் காக்ரேன் என்ற அமைப்பு 2023-ல் இது சம்பந்தமான 17 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. சாதா வில்லையைவிட இது கண் அசதியைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பது அது கண்ட முடிவு. "கேட்டா கொடுப்பேன், நானாச் சொல்ல மாட்டேன்" என்றார் நம்முடைய கடைக்காரர். இதைச் சொல்லும்போது கொஞ்சம் தயங்கினார். நாளைக்கு அந்தப் பூச்சில்தான் மின்சாரக் கட்டணம் வர வேண்டியிருக்கலாம்.

பெரிய கடைகளைப் பற்றிக் கேட்டேன். ஓசூரில் கைக்கடிகாரத்தில் தொடங்கிய டைட்டன் கம்பெனி 2007-ல் மூக்குக் கண்ணாடிக்கு வந்தது. 2010-ல் பிறந்த லென்ஸ்கார்ட், இணையத்தில் விற்க ஆரம்பித்து ஊர் ஊராகக் கடை திறந்து, 2025 நவம்பரில் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயும் கண்ணாடிக் கடை வந்துவிட்டது. டாக்டர் எழுதின சீட்டு வாசலைத் தாண்டி வெளியே வருவதில்லை. இது நம் ஊர் விவகாரம் மட்டும் அல்ல. இங்கிலாந்தில் 1984-ல் சட்டத்தைத் தளர்த்தி, கண்ணாடி விற்பனையை மற்றவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். அதே வருஷம் குவெர்ன்ஸி தீவில் ஒரு தம்பதி ஆரம்பித்த ஸ்பெக்ஸேவர்ஸ், கடை வீதிகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. ஆனாலும் அங்கே தனிக் கடைகள் இன்றும் இருக்கின்றன.

"'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்'னு போடறாங்களே, உங்களுக்கு நஷ்டமில்லையா?"

அவர் சுவரில் இருந்த ஏகாம்பரேசுவரரைப் பார்த்தார். "சார், சுந்தரமூர்த்தி நாயனார் கதை தெரியுமில்லே? சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பினார், ரெண்டு கண்ணும் போச்சு. திருவெண்பாக்கத்திலே சுவாமி ஊன்றுகோல் கொடுத்தார். இங்கே நம்ம ஏகம்பத்துக்கு வந்தார், இடது கண்ணைக் கொடுத்தார். வலது கண்ணுக்குத் திருவாரூர் வரைக்கும் நடக்கணும்னு விட்டுட்டார். சுவாமியே இந்த ஊர்லே ஒரு தடவைக்கு ஒரு கண்ணுதான் கொடுத்தார்! நான் எங்கே சார் ரெண்டு ஜோடி கொடுக்கிறது?"

இந்த ஊருக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் இன்னொரு சம்பந்தமும் உண்டு. விஜயநகர மன்னர்களின் மதிப்புக்குரிய குருவாக இருந்த வியாஸராயர் இளமையில் காஞ்சியில் சாஸ்திரம் பயின்றவர். அவர் 1520-ஐ ஒட்டி மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஏடு படித்ததாக, அவருடைய சரித்திரத்தை எழுதிய சோமநாத கவி வர்ணித்திருக்கிறார். நம் நாட்டில் மூக்குக் கண்ணாடியைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் அது ஒன்று. இத்தாலியில் கண்ணாடி பிறந்து அப்போது சுமார் 230 வருஷம் ஆகியிருந்தது. கடைக்காரருக்கு இதைச் சொன்னதும் ஏகப்பட்ட சந்தோஷம். "அவருக்கும் நாற்பதுக்கு மேலேதான் இருக்கும்" என்றார்.

வரி விஷயமாகவும் அவருக்கு ஒரு சந்தோஷம் உண்டு. பவர்க் கண்ணாடிக்கு நூற்றுக்கு 12 ஆக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகக் குறைந்தது. ஆயிரம் ரூபாய்க் கண்ணாடிக்கு 70 ரூபாய் மிச்சம். வருத்தம் என்னவென்று கேட்டால், மகனைச் சொன்னார். பையன் சென்னையில் முறையாகக் கண் பரிசோதனைப் படிப்புப் படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறான். பெரிய கடை ஒன்றில் மாதச் சம்பளம். "வாப்பா"ன்னு கூப்பிட்டால், "சந்துக் கடையிலே நாலு கட்டம் போட்டுக்கிட்டு உக்கார முடியாதுப்பா" என்கிறானாம்.

இவருடைய வியாபாரம் பட்டோடு பின்னிக்கொண்டது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு விரிக்க முடியாது. தறிக் குழியில் தண்ணீர் ஊறும். நெசவாளி கையில் காசு இருக்காது. அந்த மாதங்களில் நோட்டின் மூன்றாம் கட்டம் வெறிச்சென்று இருக்கும். முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் தறிகள் ஓடும்போது கண்ணாடியும் ஓடும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் குழந்தைகள் வருவார்கள். அவர்கள் தொகைதான் வருஷா வருஷம் கூடிக்கொண்டே வருகிறது என்கிறார். 2050-க்குள் உலக ஜனத்தொகையில் சரி பாதிப் பேருக்குக் கிட்டப் பார்வைக் கோளாறு இருக்கும் என்று 2016-ல் நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். வியாபாரிக்கு நல்ல செய்தி. தாத்தாவுக்கு நல்ல செய்தி இல்லை. அவருடைய பேரனும் கண்ணாடி போட்டிருக்கிறான்.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு பரிசோதனை

ஒரு சாதாரணக் கண்ணாடி ஒரு குடும்பத்தின் வரும்படியை எவ்வளவு மாற்றும்? இதை நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள், நிஜமாகவே தராசில். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளர்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு உடனே வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தார்கள்; மற்றவர்களுக்குப் பரிசோதனை முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் போடாதவர்களைவிடத் தினம் சுமார் 5 கிலோ இலை அதிகம் பறித்தார்கள், நூற்றுக்கு 21.7 கூடுதல். முடிவு 2018-ல் வெளிவந்தது. வங்காள தேசத்தில் 35 முதல் 65 வயது வரையுள்ள 824 உழைப்பாளிகளிடம் இதே மாதிரி செய்து பார்த்து 2024-ல் வெளியிட்டார்கள். எட்டு மாதத்தில் கண்ணாடி போட்டவர்களுடைய வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது.

இலை பறிப்பதற்கே இப்படி என்றால் கோர்வைக்கு? கரைக்கு ஒரு நிறப் பாவு, உடலுக்கு ஒரு நிறப் பாவு, மூன்று நாடா, நெய்கிறவரோடு பக்கத்தில் உட்கார்ந்து ஓரத்து நாடாவைப் போட ஒரு துணை ஆள். இரண்டு நிறமும் சேரும் இடத்தில் ஒரு இழை தப்பினாலும் அது புடவை உள்ள வரையில் தெரியும். பாவு தீர்ந்துவிட்டால் பழைய நூல் முனையோடு புதிய நூல் முனையை ஆயிரக் கணக்கில் ஒன்று ஒன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். தவறு கண்டால் கூலியில் பிடிப்பார்கள். அதனால் கண் மங்கியதை எளிதில் யாரும் வெளியே சொல்வதில்லை. சொன்னால் அடுத்த பாவு கைக்கு வராதோ என்ற பயம். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை நெய்கிற கைகளில் பல நாற்பதைத் தாண்டிவிட்டன. பிள்ளைகளோ வேறு வேலைக்குப் போகிறார்கள்.

இப்படிப் பேசிக்கொண்டிருந்ததில் விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. அத்தை இரண்டு பெரிய பைகளோடு வந்து சேர்ந்தாள். முகத்தில் வெற்றிக் களை. அவளிடம் அங்குல நாடா விஷயத்தைச் சொன்னேன். உடனே, "அரிசியில் கல் பொறுக்குவதற்கு எவ்வளவு தூரம்? கோலத்துக்கு எவ்வளவு? அடுப்புக்கு?" என்று கடைக்காரரை அளக்கச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். தையல் மிஷின் வைத்திருக்கிறவர்கள், வீணை வாசிக்கிறவர்கள், கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவர்கள் எல்லோருமே கடைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு தடவை கண்ணுக்கும் வேலைக்கும் உள்ள தூரத்தை அளந்துகொண்டு போகலாம். "என்ன வயசு?" என்று மட்டும் கேட்டுக் கண்ணாடி கொடுக்கிறவர்களிடம், "என்ன வேலை என்றும் கேளுங்கள்" என்று சொல்லலாம்.

அப்போது அந்த மொபெட் மறுபடியும் வந்து நின்றது.

அந்த அம்மாள் டப்பாவை மேஜைமேல் வைத்தாள். ஒன்றும் பேசவில்லை.

"தெரிஞ்சுதா அம்மா?" என்றார் கடைக்காரர்.

"நல்லாத் தெரிஞ்சுது அண்ணே." கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு சொன்னாள்: "தறியிலே இருக்கிற புடவையிலே அஞ்சு இடத்திலே கோர்வை விட்டிருக்கு. அஞ்சும் என் பக்கத்து நாடா."

ஓரத்து நாடா போடுகிற துணை ஆள் அவளுடைய மருமகள். மூன்று மாதமாகக் கூலியில் பிடித்தம் வரும்போதெல்லாம், "உன் கவனம் எங்கே இருக்கு? செல்போன்லேதானே இருக்கு?" என்று அந்தப் பெண்ணைத் திட்டித் தீர்த்திருக்கிறாள். போன வாரம் அந்தப் பெண் சாப்பிடாமலே படுத்துவிட்டதாம். அவளும் பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கணவர் வாசலில் வண்டியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்.

கடைக்காரர் ஃபிரேம் தட்டை எடுத்து வைத்தார். விலை குறைந்ததாக, உறுதியானதாக ஒன்றைப் பொறுக்கினார்கள். நாளை மறுநாள் தருவதாகச் சொன்னார். அதுவரை பரிசோதனைக் கண்ணாடி அவளிடமே இருக்கட்டும் என்றார். நோட்டில் மூன்றாம் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். யோசித்துவிட்டு நாலாம் கட்டத்திலும் ஒன்று போட்டார்.

அத்தையால் சும்மா இருக்க முடியவில்லை. "வீட்டுக்குப் போய் மருமகளிடம் என்ன சொல்லப் போகிறாய்?" என்று கேட்டுவிட்டாள்.

அந்த அம்மாள் அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். மாமியாருக்கு மாமியார் புரிந்திருக்க வேண்டும். "என்னன்னு சொல்றது?" என்றாள். பிறகு படி இறங்கிக் கணவரிடம், "மார்க்கெட் பக்கமா விடுங்க. ரெண்டு முழம் பூ வாங்கணும்" என்றாள்.

"எதுக்கு இந்நேரத்துக்கு?" என்றார் அவர்.

"விடுங்கன்னா விடுங்க" என்று சொல்லி, டப்பாவை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.